ஒன்பது மாதத்துக்குக் கோடு

புதுச்சேரி
12-1-1958

அன்புத் தங்கை சந்திரகலாவுக்கு,

அண்ணன் தணிகாசலம் ஆசி கூறி எழுதுவது. இங்கே அம்மாவும் உன் அண்ணி வசந்தாவும் நானும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. டில்லிக் குளிரை நீயும் மாப்பிள்ளை இராமதாஸும் எப்படித் தாங்குகிறீர்கள்? அண்ணி அனுப்பிய கருவாட்டுப் பொட்டலம் வந்து சேர்ந்ததா?

இப்போது என் சங்கதி. சுகாதாரப் பிரிவில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நான் குப்பை கொட்டுவது உனக்குத் தெரியும். இந்த மூன்று வருஷத்தில் ஃபைல் எல்லாம் இங்கிலீஷுக்கு மாறி, என் பிரெஞ்சுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. முப்பத்தொன்பது வயதில் இங்கிலீஷ் இலக்கணம் படிக்கிறேன். இந்த லட்சணத்தில், போன திங்கட்கிழமை எங்கள் தலைமைக் குமாஸ்தா கன்னியப்பன் என் மேஜைமேல் ஒரு புத்தகத்தை வைத்தார்.

"டில்லிலேர்ந்து வந்திருக்குதுய்யா. ஆராய்ச்சி. படிச்சிட்டு ரெண்டு பக்கத்துல உன் அபிப்பிராயத்த எழுதிக் குடு. ஜூன் மாசக் கமிட்டிக்கு வேணும்."

"எனக்கு எதுக்குங்க? இங்கிலீஷே தட்டுத்தடுமாறிப் படிக்கிறவன்."

"புரியலன்னா உன் தங்கச்சிக்கு எழுதிக் கேளு. அது அந்த மாதிரி எடத்துலதான வேல செய்யுது?"

அட்டையைப் பார்த்தேன். உன் ஜனநல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டதுதான்! ஆபீஸ் முழுக்கக் காட்டினேன். நம் சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பற்றியது. நாற்பத்தோராம் பக்கத்தில் அரியாங்குப்பம் கொம்யூனில் இருக்கிற டிஸ்பென்சரி வருகிறது. அங்கே மாதத்துக்குச் சராசரி நாலு புள்ளி ஆறு பிரசவம்தான் நடக்கிறதாம். ஆகையால் பிரசவ அறையை மூடிவிட்டு, மருத்துவச்சிகள் இருவரையும் டவுன் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்கிறார்கள்.

படித்தவர்கள் உட்கார்ந்து எழுதியதைச் சரி, தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனாலும் எழுதச் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட அறிக்கையை எப்படிப் படிப்பது? இதே விஷயத்தை வேறு யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? எங்கே தேடுவது? உனக்கு நேரம் இருக்கும்போது எழுது.

பொங்கலுக்கு நீ இல்லாதது ஒன்றுதான் குறை.

உன் அண்ணன்,
தணிகாசலம்

---

கரோல்பாக், டில்லி
25-1-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சந்திரகலாவின் வணக்கம். அம்மா, அண்ணி, நீங்கள் எல்லோரும் சுகமென்று அறிந்து சந்தோஷம். நாங்களும் சுகமே. கருவாடு வந்தது. வறுத்த அன்றைக்கு மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். ஒரு துண்டு ருசி பார்க்கக் கொடுத்தேன். இப்போது, இன்னும் எப்போது வரும் என்று கேட்கிறாள்.

உங்களிடம் போய் அபிப்பிராயம் கேட்டார்கள் என்று படித்ததும் இவரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அண்ணா, பயப்படாதீர்கள். அறிக்கை என்பது யாரோ சிலர் ஊர் ஊராகப் போய்க் கேட்டதையும் எண்ணியதையும் அச்சடித்ததுதான். இங்கே பெரியவர்கள் வேறு நிலையத்து அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால், முடிவுரையைக் கடைசியில்தான் படிப்பார்கள். முதலில் பின்னிணைப்பைப் புரட்டுவார்கள். யார் கேட்டு எழுதியது, எந்த மாதத்தில் எண்ணினார்கள், எத்தனை பேரைக் கேட்டார்கள், கிடைக்காத விவரத்துக்கு என்ன செய்தார்கள், இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மற்றது. நீங்களும் அப்படியே பாருங்கள். புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி அனுப்புங்கள்.

நூல்நிலையத்தில் இரண்டு மத்தியானம் அட்டைப் பெட்டிகளைத் துழாவினேன். ஐம்பத்துநாலுக்கு முந்தின புத்தகம் எதிலும் நம் ஊரே இல்லை. தென்னாற்காடு ஜில்லா வரைக்கும் வந்து, நம் எல்லையில் நின்றுவிடுகிறார்கள். அந்நிய நாடாக இருந்தோம் அல்லவா! பிற்பாடு வந்ததில் இரண்டு கிடைத்தன. ஒன்று உங்களிடம் இருக்கும் எங்கள் அறிக்கை. மற்றது சென்னையில் கிராம சேவைக் கழகம் என்கிற சங்கம் போட்ட சிறு புத்தகம். பிரதி எடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

இங்கே குளிரில் கணக்குப் போடும் யந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றினால் விரல் விறைத்துப்போகிறது. மற்றபடி வேலை பிடித்திருக்கிறது. ஜூனில் நிரந்தரம் செய்வார்கள் என்கிறார்கள்.

அம்மாவின் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
சந்திரகலா

---

புதுச்சேரி
16-2-1958

அன்புள்ள சந்திரகலா,

எல்லோரும் நலமே. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கருவாட்டுக் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

நீ சொன்ன மாதிரியே பின்னிணைப்பிலிருந்து ஆரம்பித்தேன். புரியாத வார்த்தை நாற்பதுக்குமேல் இருந்தது. அகராதி வாங்கி மல்லுக்கட்டினேன். பிறகு, எழுதினவர்கள் போய்ப் பார்த்த இடத்தை நானும் ஒருதரம் பார்ப்போமே என்று தோன்றிற்று. லீவு போட்டுவிட்டு, சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போனேன்.

இரண்டு அறைதான். வாசலில் வேப்பமரம். மருத்துவச்சி செல்வாம்பாளுக்கு என் வயது இருக்கும். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் நான் யார் என்று சொன்னேன்.

"மூடப்போறீங்களா சார்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அத முடிவு பண்றவன் நான் இல்லம்மா. நான் படிச்சிப் பாக்கறவன். மாசத்துக்கு எத்தினி பிரசவம் ஆவுது இங்க?"

"பதினஞ்சுக்குக் கொறையாது. நடவு முடிஞ்ச பொறவு இருபதுகூட ஆவும்."

"புஸ்தகத்துல நாலரைன்னு போட்டிருக்குதே?"

அவள் கோபப்படவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள். "அது என்னா சார், அரை? பாதிப் புள்ள எங்க பொறக்குது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆராய்ச்சிக்காரர் வந்ததைக் கேட்டேன். "கண்ணாடி போட்டவரு ஒருத்தரு. நல்லவரு. மோர் குடுத்தா ரெண்டு லோட்டா குடிச்சாரு. தமிழ் தெரியாது. கூட வந்தவருதான் கேட்டுக் கேட்டுச் சொன்னாரு. ஒரு மணி நேரம் இருந்தாங்க" என்றாள். மழைக்காலத்தில் ஆறு பாலத்துக்குமேல் பெருகினால் டவுனுக்கு வண்டி போகாது என்பதை அவர்களிடம் சொன்னாளா என்று கேட்டேன். "அத யாரும் கேக்கலியே" என்றாள்.

அவள் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது அல்லவா? வேலை போகும் இடத்தில் இருப்பவள். அதனால் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். அறிக்கை பேசுவது ஐம்பத்தாறாம் வருஷத்தைப் பற்றி. அதில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அச்சடித்த புது இங்கிலீஷ் பாரத்தில் ஒழுங்காக எழுதியிருக்கிறது. அதற்கு முந்தின பிரெஞ்சுப் பதிவேட்டில் பாதி கறையானுக்குப் போய்விட்டது. எப்படிச் சரிபார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாலு புள்ளி ஆறு உங்கள் நிலையத்தில் எப்படி வந்தது என்று தெரிந்தவர்களைக் கேட்டு எழுதுவாயா?

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

தணிகாசலம்

---

புதுச்சேரி
20-3-1958

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. சென்னைச் சங்கத்துப் புத்தகத்தின் பிரதி புக் போஸ்டில் வந்தது. உள்ளே உன் கடிதம் இருக்குமென்று ஒவ்வொரு தாளாக உதறிப் பார்த்தேன். அம்மாவிடம், 'வேலை அதிகமாம்' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரிபார்க்க ஒரு வழி கிடைத்தது. பிரெஞ்சுக்காரன் நமக்கு விட்டுப்போனதில் உருப்படியான ஒன்று எத்தா-சிவில் பதிவு. பிள்ளை பிறந்தால் மூன்று நாளைக்குள் கொம்யூன் ஆபீஸான மேரிக்குப் போய்ச் சொல்லி எழுதவேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் பார்த்த பிரசவம் என்பதெல்லாம் அதில் வரும். அரியாங்குப்பம் மேரியில் அந்தப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிற அக்பர் அலி என்னோடு பள்ளியில் படித்தவன். நான் போய்க் கேட்டதும், "இத்தன வருசத்துல இந்தப் புஸ்தகத்தப் படிக்கணும்ன்னு வந்த மொத ஆளு நீதான்டா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

ஆறு மத்தியானம் உட்கார்ந்தேன். எல்லாம் பிரெஞ்சில், சுழித்துச் சுழித்து எழுதின கையெழுத்து. இத்தனை நாள் கழித்து என் பிரெஞ்சுக்கு ஒரு வேலை வந்ததில், பசிகூடத் தெரியவில்லை சந்திரகலா. ஐம்பத்தாறாம் வருஷத்தில் அந்த டிஸ்பென்சரியில் பிறந்ததாகப் பதிவான குழந்தைகள் இருநூற்றுப் பத்தொன்பது. மாதத்துக்குப் பதினெட்டுக்குமேல் ஆகிறது.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கும் டிஸ்பென்சரிப் பாரத்தில் ஐம்பத்தைந்து. மேரியில் ஐம்பத்துநாலு. குறைகிற ஒன்றைத் தேடிப் போனேன். அந்தப் பிள்ளையைத் தாத்தா பாகூரில் பதிந்திருக்கிறார். ஆக இரண்டும் ஒத்துப்போகின்றன.

இப்போது ஒரு விஷயம். ஐம்பத்தைந்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தேன். நாலு புள்ளி ஆறு வருகிறது. அப்படியானால் மீதி ஒன்பது மாதம் எங்கே போயிற்று?

நிதானமாகவே பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

---

டில்லி
29-3-1958

அண்ணனுக்கு வணக்கம். இருவரும் சௌக்கியம். அம்மாவைக் கவலைப்பட வேண்டாமென்று சொல்லுங்கள். வேலை அதிகம். நீங்கள் கேட்டதற்கு விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. கார்டில் முடியாது. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்திரகலா

---

புதுச்சேரி
10-4-1958

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

கார்டு கிடைத்தது. அதுவே போதும். அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இங்கே எல்லோரும் சுகம். வெயில் ஏறிவிட்டது. சாயங்காலமானால் ஊரே கடற்கரையில் இருக்கிறது. நானும் வசந்தாவும் நேற்று நடந்துபோய், இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

சென்னைப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். அதிலும் அதே டிஸ்பென்சரி வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பெண்கள் அது வேண்டும் என்கிறார்களாம். படித்ததும் துள்ளிக் குதித்தேன். பிறகு நீ சொன்ன புத்தி ஞாபகம் வந்து கடைசித் தாளுக்குப் போனேன். அவர்கள் கேட்டது மொத்தம் இருபத்தைந்து பெண்களை. இருபத்துநாலு பேர் வேண்டுமென்றிருக்கிறார்கள். அத்தனை பேரையும் டிஸ்பென்சரி வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். வைத்தியத்துக்கு வந்து நிற்கிறவள் வேண்டாமென்றா சொல்லுவாள்? வராதவளை யார் கேட்டார்கள்?

இதை நம்ப முடியாது, குறிப்பில் சேர்க்கவில்லை என்று கன்னியப்பனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம்.

"நமக்குச் சாதகமா இருக்குறத எவனாவது வுடுவானாய்யா? டில்லிக்காரன் தப்புன்னு சொல்றே. சரி. மெட்ராஸ்காரனும் தப்புன்னா, வேற யாருதான் ரைட்டு?"

"அவங்க சொன்ன முடிவு ரைட்டா இருக்கலாங்க. அதுக்கு வந்த வழி சரியில்ல. டில்லி கணக்க ஒரு தராசுல போட்டுட்டு, இத இன்னொரு தராசுல போட்டா, கமிட்டில ஒருத்தர் கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "எழுது, எழுது. உன் கையெழுத்துதான் கீழ இருக்கப்போவுது" என்று எழுந்து போனார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுத் தானே வந்து காப்பிக்குக் கூப்பிட்டார்.

டில்லி அறிக்கையைப் பற்றி எழுதும்போது ஆள் யாரையும் குறிப்பிடப்போவதில்லை. எண்ணை மட்டும் எழுதுவேன். கணக்கு எப்படித் தவறியது என்பது தெரிந்தால் நல்லது; தெரியாவிட்டாலும் மேரிக் கணக்கு இருக்கிறது. ஆகையால் உன் பதிலுக்காக எதுவும் நின்றுபோகவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

---

டில்லி
21-4-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் காலில் விழுந்து வணங்கி எழுதுகிறேன். உடம்புக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. மனசுதான் மூன்று மாதமாகச் சரியில்லை. இன்றைக்குச் சரியாயிற்று. அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

அந்த நாலு புள்ளி ஆறைப் போட்டவள் நான்.

போன செப்டம்பரில் நம் ஊர்ப் பாரங்கள் எங்கள் பிரிவுக்கு வந்தன. மேலே அரியாங்குப்பம் என்று பார்த்ததும், இதை நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு கட்டத்தில் மூன்றில்தான் எண் இருந்தது. பதினெட்டு, பதினாறு, இருபத்தொன்று. மீதி ஒன்பது கட்டத்திலும் சின்னச் சின்னக் கோடு. கோடு என்றால் பூஜ்யமாக வைத்துக்கொள்வது எங்கள் பிரிவில் வழக்கம். எனக்கு உறுத்தியது அண்ணா. வருஷத்தில் ஒன்பது மாதம் பிள்ளையே பிறக்காமல், பத்தாம் மாதம் பதினெட்டு பிறக்குமா? எழுந்து போய்க் கேட்டிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் நாங்கள் நாலே பெண்கள். கேட்டால் வேலை தெரியாதவள் என்பார்களோ என்று பயம். ஒன்பது கோட்டையும் பூஜ்யமாக்கிக் கைப்பிடியைச் சுழற்றினேன்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோதே அந்த எண்ணைக் கண்டுகொண்டேன். சொல்ல வாய் வரவில்லை. எப்படிப் படிக்கவேண்டும் என்று உங்களுக்கு நீட்டி முழக்கி எழுதினேனே, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பங்குனியில் நீங்கள் ஐம்பத்தைந்தை வகுத்து எழுதினதும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போனா வேற தேடிக்கலாம். நீ நாலு நாளா சரியா சாப்டல, அத என்னால பாக்க முடியல" என்றார்.

பெட்டியிலிருந்து பழைய பாரத்தைத் தேடி எடுக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. இன்று காலை அதையும் உங்கள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். வயதான வங்காளி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. முழுதும் கேட்டார். களத்துக்குப் போனவரைக் கூப்பிட்டு, "இந்தக் கோடு எதற்கு?" என்று கேட்டார். "பதிவேடு பிரெஞ்சில் இருந்தது ஐயா. படிக்கத் தெரியவில்லை. 'விவரம் இல்லை' என்பதற்காகக் கோடு போட்டேன்" என்றார் அவர். தலைவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குப் பிரெஞ்சு தெரியுமா?" தெரியும் என்றேன். "அவனுக்கும் உனக்கும் நடுவில் எத்தனை மேஜை?" ஐந்து என்றேன்.

பாரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த அறிக்கையில் கோடு போட்ட பாரம் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் எடுத்து, முதலிலிருந்து போடச் சொன்னார். வேலையிலிருந்து போகச் சொல்லவில்லை. நிரந்தரம் செய்வார்களா என்பதைக் கேட்க எனக்கு வாயில்லை.

செல்வாம்பாள் அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சந்திரகலா

---

புதுச்சேரி
27-4-1958

என் அருமைத் தங்கைக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், சுகம், சுகம். நீ முதலில் வயிறாரச் சாப்பிடு.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். எனக்குத் தெரியும். பிப்ரவரிக் கடைசியில் அகராதியோடு அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே பொடி எழுத்தில், கணக்கிட்டு உதவியவர்கள் என்று ஆறு பெயர். அரியாங்குப்பம் அட்டவணைக்கு நேரே உன் பெயர். அச்சில் உன் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிடப்போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். செல்வாம்பாளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன் அல்லவா.

வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். "நீங்க கேட்டா அது இல்லன்னு சொன்னாலும் சொல்லிடும். அப்புறம் ரெண்டு பேருக்கும் சங்கடம். கண்டுபுடிச்சத மட்டும் எழுதுங்க. தானா சொல்லும்" என்றாள். அதன்படி செய்தேன். ஒன்பது மாதம் எங்கே போயிற்று என்று மட்டும் எழுதினேன். நீ ஒருவேளை சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் நீ சொன்னதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை எழுதத் தெரியவில்லை.

என் இரண்டு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். பிரதி வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் பிழை இருந்தால் திருத்து.

அண்ணன்

---

டில்லி
30-5-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சுகம். வெயில் நூற்றுப்பத்தைத் தாண்டுகிறது. வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டு பிழைத்துக்கிடக்கிறோம்.

உங்கள் இரண்டு பக்கத்தில் ஏழு பிழைதான். திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் தலைவர் அதை வாங்கிப் படித்தார். "இவர் எங்கே பயிற்சி பெற்றார்?" என்று கேட்டார். மேரியில் என்றேன். அது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார் அண்ணா! வீட்டில் வந்து சொன்னதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முப்பத்திரண்டு டிஸ்பென்சரியில் ஏழின் பாரத்தில் கோடு இருந்தது. உங்கள் நண்பர் அக்பர் அலி அவர்களும் மற்ற மேரிக்காரர்களும் அனுப்பிய எத்தா-சிவில் விவரங்களை நானே மொழிபெயர்த்தேன். ஐந்தில் எண் ஏறிற்று. ஒன்றில் மாற்றமில்லை. இன்னொன்றில், மேற்கே எல்லையோரத்தில், பாரத்தில் எழுதியிருந்த எண்களே கூடுதல் என்று தெரிந்து, இறங்கிவிட்டது. அங்கே நிஜமாகவே மாதத்துக்கு இரண்டுதான். அதையும் அப்படியே எழுதச் சொன்னார் தலைவர். திருத்தச் சீட்டு அச்சாகி, அறிக்கை போன இடத்துக்கெல்லாம் போகிறது. இனிமேல் விவரம் இல்லாத கட்டத்தில் 'இல்லை' என்று எழுத்திலேயே எழுதவேண்டும், கோடு கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது.

என் நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். எனக்கு வருத்தமில்லை. இன்னொன்று, செப்டம்பரில் நம் பக்கத்தில் மறுபடியும் களவேலை நடக்கிறது. தமிழும் பிரெஞ்சும் தெரிந்தவளாக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் எழுதினால் நம்பமாட்டாள்.

சந்திரகலா

---

புதுச்சேரி
24-6-1958

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். நீ வருகிற சேதி கேட்டதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதே இல்லை. வடகம் போட்டு மொட்டைமாடி முழுக்கக் காய வைத்திருக்கிறாள்.

நேற்றுக் கமிட்டி கூடிற்று. என்னையும் உள்ளே கூப்பிட்டு ஓரமாக உட்காரவைத்தார்கள். திருத்தச் சீட்டை வாசித்தார்கள். என் குறிப்பையும் வாசித்தார்கள். ஒருவர், "சென்னைச் சங்கம் ஒரு புத்தகம் போட்டிருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். எழுந்து காரணத்தைச் சொன்னேன். இருபத்தைந்து பேர், வாசலில், என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்படியானால் மற்றதை நம்பலாம்" என்றார். கன்னியப்பன் என் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இன்னும் வலிக்கிறது.

பிரசவ அறை இருக்கும். மருத்துவச்சிகளும் இருப்பார்கள். மேற்கே அந்த எல்லையோரத்து அறையை மூடுகிறார்கள். அங்கிருந்து டவுனுக்குப் பாதை நன்றாக இருக்கிறது என்றார்கள். அதையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சரியென்று சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் போகிறேன். இதுவே என் வேலையாகிவிடும் போலிருக்கிறது. எனக்கு வேண்டாமென்று இல்லை.

செல்வாம்பாளுக்குச் சேதி சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ சொல்வதோ சொல்லாததோ உன் விருப்பம்.

விழுப்புரத்தில் வண்டி மாறும்போது ஜாக்கிரதை. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அண்ணன்

---

டில்லி
5-10-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வணக்கம். அம்மாவின் வடகத்தில் பாதி மாடிவீட்டுக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கண்மூடித் திறப்பதற்குள் போயிற்று. அண்ணியிடம் சொல்லுங்கள், அவள் தைத்துக் கொடுத்த ரவிக்கை இவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உங்களிடம் நேரில் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றிற்று. அதனால் எழுதுகிறேன்.

கடைசி வாரம் களவேலைக்காக அந்த டிஸ்பென்சரிக்குத் தனியாகப் போனேன். செல்வாம்பாள் அம்மா கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைத் தெரியாது. "நான்தான் தணிகாசலத்தோட தங்கச்சி" என்றேன். முகம் மலர்ந்து, "சார் தங்கச்சியா! வா வா" என்றார். அந்த முகம் அப்படியே இருக்கும்போதே சொல்லிவிடவேண்டுமென்று நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"ஒங்க கணக்க நாலரைன்னு போட்டது நான்தாங்க. ஒம்போது மாசத்துக்குக் கோடு இருந்துச்சி. கேக்காம சைபர் போட்டுட்டேன்."

கையிலிருந்த செம்பைக் கவிழ்த்து வைத்தார். உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழுதது.

"நாலு மாசம் சோறு எறங்கல எனக்கு" என்றார். "எங்க மாத்திடுவாங்களோன்னு. கூட வேல செய்ற இன்னொருத்தி புள்ளைங்கள வெச்சிக்கினு அழுதுகினே இருந்தா."

நான் தலை குனிந்து நின்றேன்.

"நீயே வந்து சொல்லணும்ன்னு யாரு சொன்னாங்க? அண்ணனா?"

"இல்லிங்க. அது சொல்லல."

உள்ளே அழுகை பெரிதாயிற்று. அவர் எழுந்தார். "சரி, நின்னுகினே இருக்காத. கைய சோப்பு போட்டுக் கழுவு. அவளுக்குப் பக்கத்துல ஆளு இல்ல, புருசன் மேரிக்குப் பதியப் போயிருக்கான். நான் அவளக் கவனிக்கிற வரைக்கும் நீ புள்ளையப் புடி."

உள்ளே கட்டிலில் இருந்தவள் பெயர் தனக்கொடி. நடவுக்குப் போகிறவள். இது மூன்றாவது. விடிந்து இரண்டு மணி நேரத்தில் பிறந்த பெண். துணியில் சுற்றி என் கையில் வைத்தார். முதலில் எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. செல்வாம்பாள் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "தலைய முழங்கைல வெச்சிக்க" என்றார். வைத்ததும் அழுகை நின்றுவிட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

அரைமணி நேரம் வைத்திருந்தேன் அண்ணா. போகும்போது பாரத்தை நீட்டினார். செப்டம்பர் மாதத்துக் கட்டம்.

"இது பதினேழாவது. நீயே எழுது" என்றார்.

எழுதினேன்.

உங்கள் தங்கை,
சந்திரகலா